அலாவுதீன் பாய் விற்ற வேலிப்பெட்டி

கைருன்னிசா, உன் அத்தா எனக்கு விற்ற பெட்டி நல்ல பெட்டி. ஆட்டுக்கிடைக்கு மின்சார வேலி போட நினைக்கிற எவனும் அதைத் தயங்காமல் வாங்கலாம். இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. மீதியைப் பொறுமையாகப் படி.

போன வெள்ளிக்கிழமை நீ என்னைத் தேடி வந்தாய். வெம்பக்கோட்டை விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்தே வந்திருந்தாய். கொடுத்த மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "மாமா, அத்தா மௌத்தாகி ஆறு மாசமாச்சு. அம்மா இன்னும் சரியாத் தூங்குறதில்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அத்தா பெட்டிதான் சுந்தரபாண்டி மாமாவைக் கொன்னுச்சா?" என்று கேட்டாய். நான், "எல்லாம் விதிம்மா" என்றேன். நீ மோரை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

என் மனைவி வீரலட்சுமி மாசியில் இறந்துபோனாள். உண்மையைச் சொன்னால் உடைந்துபோக இனி இந்த வீட்டில் யாரும் இல்லை. நான் எட்டாவது வரை படித்தவன், ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவன். ஆகவே கோர்வையாகவே எழுதுகிறேன்.

எங்களிடம் நூற்றிருபது செம்மறிகள் இருந்தன. அறுவடை முடிந்ததும் ஆடுகளை நிலத்திலேயே அடைத்துப் போடுவோம். அதுதான் கிடை. புழுக்கையும் மூத்திரமும் விழுந்தால்தான் கரிசல் அடுத்த வருஷம் பருத்தி கொடுக்கும். கிடையை மூங்கில் படல்களால் அடைப்போம். மூன்று நாளைக்கொருமுறை நாற்பது படல்களையும் பிடுங்கித் தள்ளி நட வேண்டும். எவ்வளவு நெருக்கி நட்டாலும் வெறிநாய்கள் நுழைந்துவிடும். ஒரு தை மாதத்தில் மட்டும் ஒன்பது ஆடுகள் போயின. அந்த வருஷம்தான் கிணற்றுக்கு மோட்டார் வந்தது. மின்சாரமும் வந்துவிட்டது, இனி படல் எதற்கு என்று நினைத்தேன்.

முதல் பெட்டியை ஒரு ரேடியோ மெக்கானிக் செய்து கொடுத்தான். ஓயாமல் உறுமும். கம்பியில் பட்ட கிடாய் ஒன்று விடுபட முடியாமல் நின்றபடியே செத்தது. அதைத் தூக்கிப் போட்டேன். இரண்டாவது பேட்டரியில் ஓடுவது. எட்டு நாளைக்கொருமுறை பேட்டரியைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். அதுவும் சரிப்படவில்லை. மூன்றாவதுதான் உன் அத்தா கொண்டுவந்தது. மலைத்தோட்டம் ஒன்றை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன துரையின் சாமான்களோடு ஏலத்தில் வந்த பச்சைப் பெட்டி. வந்ததும் அதை என் தலையில் கட்டிவிடவில்லை. விருதுநகரில் கடைக்குப் பின்னால் கம்பி கட்டி, ஒரு மாதம் தினமும் தன் கையாலேயே தொட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குச் சொல்லி அனுப்பினார்.

நல்ல பெட்டியை எப்படி அறிவது என்று அவர்தான் கற்றுக்கொடுத்தார். சத்தத்தைக் கேட்க வேண்டும். நொடிக்கு ஒரு 'டக்'. நடுவில் ஓய்வு. அந்த ஓய்வில்தான் உயிர் இருக்கிறது. தொட்ட ஆடு விலகிக்கொள்ளவும், தொட்ட மனிதன் கையை எடுத்துக்கொள்ளவும் அதுதான் நேரம்.

பெட்டியை எங்கள் மோட்டார் அறையில் மாட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. பாதி ஊர் வேடிக்கை பார்க்க வந்திருந்தது.

"தொட்டுப் பாருங்க அண்ணாச்சி. கணக்குத் தெரியாத பயலை வாத்தியார் தொடையில கிள்ளுவாருல்ல, அம்புட்டுத்தான்" என்றார் உன் அத்தா.

என் தம்பி சுந்தரபாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "நீங்க மொதல்ல தொடுங்க பாய். ஒங்க சரக்கு, ஒங்க கை."

"ஒரு மாசமாத் தொட்டுத் தொட்டு எங் கை மரத்துப்போச்சுலே. மாப்பிள்ளை மாதிரி நிக்கிறீயே, நீ தொடு."

அவன் புறங்கையால் கம்பியைத் தொட்டுவிட்டு ஒரு துள்ளுத் துள்ளினான். பிறகு சிரித்தபடி, "ப்பூ, இம்புட்டுத்தானா? மதினி கொட்டு இதைவிட வலிக்குமே!" என்றான்.

"கிட்ட வாங்க தம்பி. ரெண்டையும் ஒத்துப் பாத்துருவோம்" என்றாள் வீரலட்சுமி.

அன்று ஊரே வரிசையாக நின்று வேலியைத் தொட்டது. பெண்கள்கூட ஒருத்தியை ஒருத்தி தள்ளிவிட்டுத் தொட்டார்கள். எங்கள் வேலியைப் பற்றிய பயம் அன்றோடு போயிற்று. கிளம்பும்போது உன் அத்தா என்னைத் தனியே அழைத்தார். "அண்ணாச்சி, பெட்டி எப்பவாச்சும் நின்னு போச்சுன்னா வேலியைச் சும்மா போட்டுருங்க. அவசரத்துக்கு லைனை நேரா கொடுத்துராதீக. ஆடும் போயிரும், ஆளும் போயிரும்" என்றார். நான் சரி என்றேன். அதை நான் மறக்கவே இல்லை.

பங்குனியில் வேலி செத்தாற்போல் ஆனது. ஆடுகள் கம்பியை உரசிக்கொண்டு வெளியே வந்தன. ஆள் அனுப்பியதும் உன் அத்தா அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். பெட்டியைப் பார்க்கவே இல்லை. கரிசல் வெடிப்பில் கையை முழங்கை வரை விட்டுப் பார்த்துவிட்டு, "பெட்டி உசுரோடத்தான் இருக்கு அண்ணாச்சி. மண்ணுதான் செத்துக் கெடக்கு" என்றார். பெட்டியிலிருந்து ஓர் இரும்புக் கம்பி மண்ணுக்குள் இறங்கியிருக்கும். அந்த இடம் காய்ந்தால் வேலிக்கு வேகம் இருக்காதாம். தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

அந்த வேலையைச் சுந்தரபாண்டி எடுத்துக்கொண்டான். காலையில் கிணற்றில் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு ஒரு குடம் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றுவான். ஊற்றிய ஈரத்திலேயே நின்று, புறங்கையால் வேலியைத் தொடுவான். கிள்ளியதென்றால் மோட்டார் அறைப் பக்கம் திரும்பி, "அண்ணே, கடிக்குது!" என்று குரல் கொடுப்பான். மூன்று வருஷம் அந்தக் குரலோடுதான் எனக்குப் பொழுது விடிந்தது.

அவனைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் அம்மா இறந்தபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பத்தொன்பது. எனக்குக் குழந்தைகள் இல்லை. அவன் இருந்ததால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அவனுக்கு அம்மை போட்டபோது பதினெட்டு நாள் வேப்பிலையோடு பக்கத்திலேயே இருந்தேன். ஆமத்தூரில் வெள்ளைத்தாயைப் பெண் பார்த்துக் கட்டிவைத்ததும் நான்தான்.

வெள்ளைத்தாயின் அண்ணன் கோட்டைச்சாமி சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கம்பெனிக்கு ஊரைவிட்டு ஒதுங்கிய இடம் வேண்டும், கிணறும் வேண்டும். எங்கள் நிலம் அதற்கு வாகாக இருந்தது. சுந்தரபாண்டி ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான். "அண்ணே, எம் பாகத்தைப் பிரிச்சுக் கொடுத்துருங்க. கம்பெனிக்கு விட்டுட்டு நானும் சிவகாசிக்கே போயிருதேன். அங்கன போர்மேன் வேலை இருக்கு."

"இங்கன என்னலே கொறை?"

"கொறைன்னு சொல்லலண்ணே. இந்தக் கரிசல்ல ஆட்டுக்குப் பின்னாலயே எம்புட்டு நாளைக்கு நடக்குறது? எனக்கும் முப்பது வயசாகுதுல்ல."

அவன் கேட்டதில் தவறில்லை. கிணறு அவன் பாகத்தில்தான் வரும். கிணறு போனால் மோட்டார் போகும், வேலி போகும், ஆடு போகும். அதையும் நான் பெரிதாக நினைக்கவில்லை என்றுதான் இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறேன். என் கவலையெல்லாம் வெடிமருந்தைப் பற்றியது. நான் ஒரு பட்டாசு விபத்தைப் பார்த்தவன். நாகையா என்று என்னோடு படித்தவன், மருந்து கலக்கும் அறையில் இருந்தான். இடுப்பிலிருந்த அரைஞாண் கயிற்றை வைத்துத்தான் அவன் மனைவி அடையாளம் சொன்னாள். என் தம்பி அந்த வேலைக்குப் போவதை நான் எப்படிப் பொறுப்பேன்? இரண்டு மாதம் சொல்லிப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டே, "அண்ணே, நான் இன்னும் அம்மை போட்ட பயலா?" என்றான்.

பத்திரம் பதிய நாள் குறித்தார்கள். சித்திரை, புதன்கிழமை. கோட்டைச்சாமி வண்டியோடு எட்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு.

அன்று காலை நான் மோட்டார் அறையில் இருந்தேன். வேலிக் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றி, மோட்டாருக்கு வருகிற லைனில் நேராக மாட்டினேன். அப்போது என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. இன்று அவனுக்குப் பதிவு நாள். அவசரத்தில் தண்ணீர் ஊற்ற வரமாட்டான். வராவிட்டால் ஒன்றும் நடக்கப்போவதில்லை, அவனை அனுப்பிவைத்துவிட்டுக் கம்பியைக் கழற்றிவிடலாம். வந்தால், அது அவனாக வந்தது. இப்படி முடிவை அவன் கையிலேயே விட்டேன். அது நியாயமாகத்தான் பட்டது.

கிணற்றடியிலிருந்து வீரலட்சுமியின் குரல் கேட்டது. "நேரமாச்சு தம்பி. இன்னிக்கு ஒருநாள் நான் ஊத்துதேன். நீங்க வேட்டியைக் கட்டுங்க."

"இருக்கட்டும் மதினி. நாளையிலயிருந்து நீங்கதான ஊத்தப் போறீக. இன்னிக்கு நான் ஊத்திட்டுப் போறேன்."

இதைக் கேட்டேன். ஸ்விட்ச் எனக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அவன் குடத்தை நிரப்பி, வரப்பில் நடந்து வந்து சேர, நிதானமாக நூறு எண்ணலாம். நான் எண்ணவில்லை. சுவரில் பெட்டி வழக்கம்போல் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. "அண்ணே" என்று கூப்பிடவில்லை. குடம் உருண்டது மட்டும் கேட்டது.

மற்றவர்கள் ஓடிவருவதற்குள் கம்பியைப் பழையபடி பெட்டியில் மாட்டிவிட்டேன். பெட்டியின் உள்ளே இருந்த செம்புச் சுருளையும் கருக வைத்தேன். எப்படி என்பது உனக்கு வேண்டாம். அதிகாரிகள் வந்து பெட்டியைத் திறந்தபோது உள்ளே கருகல் இருந்தது. பழைய சீமைச் சாமான், உள்சுருள் தேய்ந்து முழு மின்சாரமும் வேலிக்கு வந்துவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். அது பொய்யழுகை இல்லை, கைருன்னிசா. அன்றிலிருந்து நான் அழாத நாள் குறைவு.

உன் அத்தா மதியமே வந்துவிட்டார். கூட்டத்தில் ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். நான்தான் விலக்கிவிட்டேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எம் பெட்டியா அண்ணாச்சி? ஒரு மாசம் தொட்டுப் பாத்தேனே அண்ணாச்சி. எங் கைக்கு ஒண்ணும் ஆகலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "நீங்க வேணும்னேயா செஞ்சீக பாய்? மனசைத் தேத்திக்கோங்க" என்றேன். ராக்கப்பனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஊர் பேசியது. அவர் மேல் வழக்குப் போட்டார்கள். கோர்ட்டிலும் எனக்குப் பாய் மேல் வருத்தம் இல்லை என்றே சாட்சி சொன்னேன். அவரை விட்டுவிட்டார்கள். நான் மன்னித்ததாலேயே அவர்தான் குற்றவாளி என்பது ஊருக்கு உறுதியாயிற்று. அவர் கடையில் டார்ச் பல்பு வாங்கக்கூட ஆள் போகவில்லை. கடையை மூடிவிட்டு, தீப்பெட்டி ஆபீஸுக்கு மரப்பெட்டி அடிக்கப் போனார் என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை பஸ் நிலையத்தில் தூரத்தில் பார்த்தேன். கையை விரித்து, தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை உன் அம்மா பைரோஜாவுக்குப் படித்துக் காட்டு. பிறகு போலீஸில் கொடு. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர்கள் வந்து கேட்டால் இதையே சொல்வேன்.

என் தம்பி மருந்தில் கருகிப்போகவில்லை. கிடத்தியிருந்தபோது அவன் முகம் தூங்குவதுபோல்தான் இருந்தது. வெள்ளைத்தாய் அவன் கன்னத்தில் கன்னம் வைத்து அழ முடிந்தது. நாகையாவின் மனைவிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இதையும் யாராவது நினைத்துப் பார்க்க வேண்டும். அவன் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. போலீஸ் கேட்காததால் நானும் சொல்லவில்லை. வேலியில் அவ்வளவு மின்சாரம் ஓடியும் ஓர் ஆட்டுக்குட்டிகூடச் சாகாததைக் கோயில் மகிமை என்று ஊர் சொன்னது, பொங்கல் வைத்தது. நானும் போய்க் கும்பிட்டேன். அன்று விடிந்ததும், வழக்கமான மேய்ச்சல் நேரத்துக்கு முன்பே, கம்பியில் கை வைப்பதற்கு முன்னால், நூற்றிருபது ஆடுகளையும் எண்ணி எண்ணிக் கிடையிலிருந்து வெளியேற்றிக் கண்மாய்க்கரைக்கு ஓட்டிவிட்டேன். வாயில்லாச் சீவன்கள். அவற்றின் மேல் எனக்கு என்ன கோபம்.