இரண்டாம் வரிசையின் முதல் தோட்டா

“உன் தோட்டாவ நீயே ஏன் சுடக் கூடாது, பொண்ணே?” என்று ஆர்லீன் ஒருமுறை என்னிடம் கேட்டார்.

எங்கள் ஊர்ச் சுடுதளத்தில் மதிப்பெண் மேசையில் உட்காருபவர் அவர். அறுபது வயதைத் தாண்டியவர். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருப்பார். மற்றவர்கள் அப்படி இல்லை. என்னிடம் ஏதாவது கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் டுவைட்டைப் பார்ப்பார்கள்.

டுவைட் என் அண்ணன். நான் அவன் வீட்டில்தான் இருக்கிறேன். எனக்குக் கூச்ச சுபாவம். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனாலேயே பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். பகலில் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை. மற்ற நேரமெல்லாம் வீட்டின் நிலவறையில் அவனுக்குத் தோட்டா அடைப்பேன். மொன்டானாவின் இந்தப் பகுதியில் குளிர்காலம் நீளம். வேறு என்ன செய்வது?

எனக்கு அந்த வேலை பிடிக்கும். சுட்ட பித்தளைக் கூடுகளைக் கழுவி, கழுத்தை ஒரே அளவாக வெட்டி, அடியில் தீப்பொறி தரும் கேப்பு பதித்து, வெடிமருந்தைத் தராசில் நிறுத்து ஊற்றி, மேலே குண்டை அமுக்க வேண்டும். மருந்தில் ஒரு துணுக்கு கூடினாலும் நான் இடுக்கியால் எடுத்துவிடுவேன். டுவைட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆனால் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போன இலக்குக் காகிதங்கள் கூடத்துச் சுவர் முழுக்கத் தொங்குகின்றன. எல்லாவற்றின் கீழும் அவன் பெயர்.

“ஊமைச்சி சூப்பு வெச்சா உப்பு மறந்துருவா. மருந்து மட்டும் மறக்க மாட்டா” என்று என்னைப் பற்றி நண்பர்களிடம் சொல்வான். அதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னான்.

ஆர்லீன் கேட்டது மனதிலேயே இருந்தது. அப்பா எனக்கென்று விட்டுப்போன பழைய துப்பாக்கிக்குப் புதுக் குழல் செய்யக் கொடுத்தேன். நல்ல குழல் செய்பவரிடம் அரை வருடம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். ஒரு துப்பாக்கிக்குப் பிடித்த மருந்தளவு இன்னொன்றுக்குப் பிடிக்காது. அதனால் என்னுடையதற்கு எது பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு குளிர்காலம் முழுவதும் ஆனது. வசந்தத்தில் முதல்முறையாகச் சுடுதளத்துக்குக் கொண்டுபோனேன். ஐந்தும் ஒரே ஓட்டை. சுவரில் இருப்பவற்றைவிடச் சின்ன ஓட்டை.

அன்று இன்னொன்றும் நடந்தது. குண்டு போகும் பாதையில் ஒரு மான் நடந்து வந்தது. யாரும் கவனிக்கவில்லை. எங்கள் தளத்தில் ஒரு விதி உண்டு. ஆபத்தைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் “நிறுத்துங்க” என்று கத்தலாம், சின்னப் பிள்ளைகூட. ஏன் என்று கேட்காமல் எல்லாரும் துப்பாக்கியிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். நான் கத்தினேன். எல்லாரும் கையை எடுத்தார்கள். மான் அவசரமே இல்லாமல் கடந்து போனது.

“அடேயப்பா, இந்தக் கோழிக்குஞ்சுக்குள்ள ஒரு சேவல் இருந்திருக்கு” என்று ஆர்லீன் சிரித்தார். சிரித்துக்கொண்டே மாநிலப் போட்டிக்கு என் பெயரை எழுதிக்கொண்டார்.

போட்டிக்கென்று இரண்டு பெட்டித் தோட்டா அடைத்து வைத்தேன். மே மாதத்தில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது என் துப்பாக்கி சமையலறை மேசையில் கிடந்தது. இரண்டு பெட்டியும் காலி. டுவைட்டும் அவன் நண்பன் லைலும் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பகல் முழுவதும் லைலின் வயலில் பயிரைத் தின்னும் தரை அணில்களைச் சுட்டிருக்கிறார்கள். குழல் தொட முடியாத அளவுக்குச் சூடான பிறகும் ஆறவிடாமல் சுட்டிருக்கிறார்கள்.

“என்னோடத ஏன் எடுத்தே?” என்று கேட்டேன்.

“என்னோட குழல எதுக்கு அணிலுக்குத் தேய்க்கணும்? எனக்கு மேட்ச் வருதுல்ல.”

“எனக்கும் வருது.”

“கேட்டியா லைல்? ஊமைச்சி மேட்சுக்குப் போறாளாம். அங்க பேரு கூப்பிட்டா ‘உள்ளேன்’னு சொல்ல ஆளு கூட்டிட்டுப் போவியாடீ?”

லைல் மேசையைத் தட்டிச் சிரித்தான். “ஆனா ஒண்ணு சொல்லணும், நெல்டா. அருமையான தோட்டா. ஒரு அணில்கூடத் தப்பல.”

குழலுக்குள் பார்க்கும் சின்ன கேமராவை விட்டுப் பார்த்தேன். மருந்து எரியும் இடத்தை ஒட்டி உள்பக்கம் முழுவதும் வெந்து, காய்ந்த ஏரியின் மண் போல வெடித்திருந்தது. இனி அது ஒரே ஓட்டையில் போடாது. நான் கோபப்படவில்லை. துப்பாக்கியைத் துடைத்து அலமாரியில் வைத்தேன். பீர் பாட்டில்களையும் எடுத்துக் கழுவி வைத்தேன்.

எங்கள் வேலையில் இன்னொரு விதி. மேசைமேல் ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். வேலை முடிந்ததும் அளவைக் குடுவையில் மிஞ்சியதை அதே டப்பாவில் திருப்பி ஊற்றிவிட வேண்டும். டுவைட் ஊற்ற மாட்டான். ஜூனில் அவனுக்குத் தோட்டா அடைக்க நிலவறைக்கு இறங்கினேன். முந்தின நாள் அவன் கைத்துப்பாக்கிக்கு அடைத்த மருந்து குடுவையில் அப்படியே மிஞ்சியிருந்தது. வேகமாக எரிகிற மருந்து அது. அதை நீளத் துப்பாக்கித் தோட்டாவில் போட்டால் துப்பாக்கியே வெடிக்கும் என்பது இந்த வேலையில் முதல் நாளே கற்பது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

பெட்டி முழுவதையும் சரியான மருந்தால் அடைத்தேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் அவன் மிச்சம் வைத்ததைப் போட்டேன். அவனுடையதுதானே, அவனுக்கே போகட்டும் என்று தோன்றியது. அவன் பெட்டியிலிருந்து எப்போதும் வரிசையாகத்தான் எடுப்பான். முதல் வரிசையைச் சுட்டதும் இலக்கைத் தொலைநோக்கியில் பார்த்து, சுற்றி நிற்பவர்களைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு அடுத்ததாக இருக்கட்டும் என்று இரண்டாம் வரிசையின் முதல் குழியில் வைத்தேன்.

சனிக்கிழமை பயிற்சிக்குப் போனோம். முதல் வரிசை முடிந்தது. தொலைநோக்கியில் பார்த்தான். சிரித்தான். அந்த நேரம் பார்த்து ஆர்லீன் வந்தார்.

“டுவைட்டு, இது உன் கண்ணா, உன் தங்கச்சி கையா?”

“சந்தேகமா இருந்தா நீங்களே உக்காந்து பாருங்க, பெரியம்மா.”

அவன் தன் துப்பாக்கியை யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. அடுத்தவர் அடைத்த தோட்டாவை எங்களில் யாரும் சுடுவதும் இல்லை. ஆர்லீனும் அதைத்தான் சொன்னார். “மத்தவங்க அடச்சத நான் தொடவே மாட்டேன். ஆனா இது நெல்டா அடச்சது.” என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு உட்கார்ந்தார்.

நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பெட்டியிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “எவ்வளவு சுத்தம்” என்றார். உள்ளே போட்டு மூடினார். கன்னத்தைத் துப்பாக்கிமேல் வைத்து, மூச்சை விட்டு, காற்று அடங்கக் காத்திருந்தார். எதற்கும் அவசரப்படாதவர்.

எனக்குக் கூச்ச சுபாவம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அவருடைய வலது கண் போய்விட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. டுவைட் மண்டியிட்டு, தன் சட்டையைக் கழற்றி அவர் முகத்தில் கட்டினான். குழந்தை மாதிரி அழுதான். ஷெரீஃபின் ஆட்கள் நிலவறைக்கு வந்து குடுவையைப் பார்த்தார்கள். அவர்கள் என் பக்கம் திரும்புவதற்குள் டுவைட் முந்திக்கொண்டான். “மிச்சம் விட்டது நான். அவளுக்குத் தெரியாது. தப்பு முழுக்க என்னோடது.” இதிலும் அவனே முன்னால் நின்றான். விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். டுவைட் துப்பாக்கிகளையெல்லாம் விற்றான். சுவரிலிருந்த காகிதங்களைக் கிழித்து அடுப்பில் போட்டான். அவை என்னுடையவை. அப்போதும் என்னைக் கேட்கவில்லை.

செப்டம்பரில் ஆர்லீன் வீட்டுக்கு வந்தார். டுவைட்டுக்காக ருபார்ப் பை என்ற இனிப்புப் பண்டம் சுட்டு எடுத்து வந்திருந்தார். அவன் வெளியே போயிருந்தான். சமையலறையில் உட்கார்ந்தார்.

“அவன் சாப்பிடறதே இல்லையாமே? நான் கோவமா இல்லன்னு அவன்கிட்ட சொல்லு, பொண்ணே. மறதி யாருக்குத்தான் இல்ல? அவன் நல்ல பையன்.”

எனக்குக் கோபம் வந்தது. இந்த விஷயத்தில் நான் கோபப்பட்டது அப்போது மட்டும்தான். அவனுடைய மறதிக்கு மன்னிப்பு, அதோடு ஒரு ருபார்ப் பை.

அது மறதி இல்லை என்று ஆர்லீனிடம் சொன்னேன். என் வேலையில் மறதி கிடையாது, அதையும் நிறுத்துத்தான் போட்டேன் என்றேன். அணில்களைப் பற்றிச் சொன்னேன். குழலைப் பற்றி, மிஞ்சிய மருந்தைப் பற்றி, இரண்டாம் வரிசையைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. தொண்டை ஒருதடவைகூட அடைக்கவில்லை.

“அது உங்களுக்கு வெச்சதில்ல” என்றேன். “நீங்க உக்காந்ததும் கத்தத்தான் நெனச்சேன். குரல் வரல. என் சுபாவம் உங்களுக்குத் தெரியுமே.”

ஆர்லீன் வழக்கம்போலக் காத்திருந்தார். ஒற்றைக் கண்ணால் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் இன்னொருமுறை, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். “குரல் வரல.”

அவர் எழுந்தார். மிச்சமிருந்த விரல்களால் கதவுப்பிடியைத் திருகப் பார்த்தார். அது வழுக்கியது. நான் போய்த் திறந்துவிட்டேன். என் கை படாமல் ஒதுங்கி வெளியே போனார்.