மலையிலிருந்து கடல் வரை

அண்ணி: சிரிக்காதேடீ! மை படிஞ்ச கையால வாயைப் பொத்தாதே... ஐயோ, மீசை!

நாத்தனார்: உங்க நெத்தியை முதல்ல பாருங்க அண்ணி.

அண்ணி: நாளைக்கு நாட்டுக்குச் சுதந்திரம். சுதந்திர மலர் முதல் பக்கத்துல நம்ம அச்சகம் செதுக்கின நாட்டு வரைபடம். அதுல வடக்கு எல்லையையே காணோம்!

நாத்தனார்: உளி நழுவிடுச்சுன்னு சொன்னேனே...

அண்ணி: மலையிலேருந்து கடல் வரைக்கும் நழுவிச்சா?

நாத்தனார்: சர்ர்ர்னு...

அண்ணி: சிரிக்காதேன்னேன்! படம் ஒரு இம்மி பிசகினாலும் வேலையை வேற அச்சகத்துக்குக் கொடுத்துடுவேன்னு மலர் வேலையைக் கொடுத்த அதிகாரி சொல்லியிருக்கார். போச்சுன்னா நாம கதவைச் சாத்த வேண்டியதுதான். இப்ப, நாளைக்குப் பதவி ஏற்கப் போற தலைவர் வேற படத்தைப் பார்க்க வந்து...

தலைவர்: வந்துட்டேன்மா. கதவு திறந்துதான் இருந்துச்சு.

அண்ணி: ஐயா! உட்காருங்க... அதுல இல்ல, அதுல மை!

தலைவர்: உட்கார்ந்துட்டேனே.

நாத்தனார்: களுக்...

தலைவர்: பரவாயில்ல. படத்தைக் கொடுங்க... ம்... இங்கே ஒரு கோடு இருக்கணுமே? பேனாவை எடுத்து இழுத்துட்டா ஆச்சு!

நாத்தனார்: முடியாதுங்க, இது மரக்கட்டை. கட்டையில கோட்டைப் போட முடியாது, மிச்சம்தான் விடணும். ரெண்டு பக்கமும் மரத்தைச் செதுக்கித் தள்ளினா நடுவுல மேடா ஒண்ணு நிக்கும் பாருங்க, அதுதான் மை வாங்கும். மேடு போச்சுன்னா கோடு போச்சு.

தலைவர்: அட! அப்போ கோடுன்னு தனியா ஒண்ணும் கிடையாது. ரெண்டு பக்கமும் வெட்டினாத்தான் அது நிக்குது!

நாத்தனார்: அதே! மலர்ல வர்ற உங்க சுதந்திர தினப் பேச்சுல நீங்களே எழுதியிருக்கீங்களே. அண்ணி, நீங்கதானே அதுக்கு அச்செழுத்துக் கோத்தீங்க, படிங்க.

அண்ணி: 'எல்லையை வரைந்த அந்நியன் இந்த மண்ணில் ஒருநாளும் நடந்ததில்லை. அவன் நாற்காலியில் நாம் உட்கார்வது மட்டும் சுதந்திரம் ஆகாது. பக்கத்து ஊருக்குப் போக எவனிடமும் அனுமதி கேட்காமல் இருப்பதே சுதந்திரம்.'

தலைவர்: நல்லாத்தான் எழுதியிருக்கேன்.

நாத்தனார்: எழுதிட்டு எல்லை ஒப்பந்தத்துல கையெழுத்தும் போட்டீங்க.

அண்ணி: அடியே!

தலைவர்: விடும்மா, சரியாத்தான் கேக்குறா... கோடு இல்லாம ஆட்சியைத் தரமாட்டோம்னாங்க. முதல்ல வாங்கிக்குவோம், அப்புறம் அழிச்சுக்கலாம்னு நினைச்சேன். இப்பப் பாரு, நாற்காலி இன்னும் வந்தே சேரல, அதுக்குள்ள பின்னால கறை!

அண்ணி: ஐயா... சிரிக்கலாமா?

தலைவர்: தாராளமா! படம் இப்படியே போகட்டும். அதிகாரி கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க. நிஜ எல்லையில வழியைத் திறந்து வைக்கிறது என் பாடு. வரேன்மா.

நாத்தனார்: போயிட்டாரு... அண்ணி, என்னால முடியல, வயிறு வலிக்குது!

அண்ணி: எனக்கும்தான்... அட, எதுக்குடீ அழுவுறே?

நாத்தனார்: உளி நழுவலை அண்ணி. அண்ணன் நாலு மாசமா எல்லைக்கு அந்தப் பக்கம் வேலையில இருக்காரு. நாளைக்கு வழியை மூடிடுவாங்கன்னு கேட்டதும்... ஆத்திரத்துல நானே எடுத்தேன். ஆனா சத்தியமா ஒரு விரல் அகலம்தான் எடுத்தேன்! மீதி எப்படிப் போச்சுன்னே தெரியல.

அண்ணி: ஒரு விரல் சந்துல உங்க அண்ணன் எப்படிடீ நுழைவாரு, அந்த உடம்பை வெச்சுக்கிட்டு? அதான், நீ கையலம்பப் போனப்போ மீதியை நான் எடுத்தேன்.