மந்திரியின் பட்டன்

மந்திரி: ஆ! குத்திட்ட!

ராணி: ஆடினா ஊசி குத்தத்தான் செய்யும். பட்டன் தைச்சு முடிக்கிறவரைக்கும் வசனத்தை சொல்லிப் பாரு.

மந்திரி: "அரசே, ராணியைப் பத்தி ஒண்ணு... வேண்டாம், விடுங்க."

ராணி: இவ்வளவுதானா? இதுக்கா ராஜா என்னைக் கோட்டை மேல இருந்து தள்ளிவிடுறாரு?

மந்திரி: அதான் சூட்சுமம். மந்திரி ஒரு பொய்கூட சொல்றதில்ல. பாதியில நிறுத்துவான். மீதியை ராஜாவே ரொப்பிக்குவாரு.

ராணி: சரி, எதுக்கு செய்யறான்?

மந்திரி: டைரக்டரும் அதைக் கேட்டுத்தான் காலையில வறுத்தெடுத்தாரு. நாடகத்துல மந்திரி பதவி போச்சுங்கிறான், அவமானம்ங்கிறான், தம்பிக்காகங்கிறான்...

ராணி: இத்தனை காரணம் சொல்றவன் நிஜமான ஒண்ணை மறைக்கிறான். ...ஆமா, ராஜா வேஷக்காரரு நேத்து என்கிட்ட ஒண்ணு கேட்டாரு.

மந்திரி: என்னவாம்?

ராணி: வேண்டாம், விடு.

மந்திரி: கல்யாணமா?

ராணி: சாயங்காலம் திரை தூக்கறதுக்குள்ள பதில் சொல்லணும்.

மந்திரி: இன்னிக்கு சாயங்காலமேவா!

ராணி: மூச்சு விடு. பட்டன் தெறிச்சிடும்.

மந்திரி: நல்ல மனுஷன். தங்கமானவரு. ஆனா... ஒண்ணுமில்ல.

ராணி: என்ன ஆனா?

மந்திரி: குறட்டை விடுவாருன்னு நான் சொல்லல. நம்ம நாடகக் குழு பஸ்ல அவர் பக்கத்து சீட்டு ஏன் எப்பவும் காலியாவே இருக்குன்னு மட்டும் யோசி.

ராணி: அய்யய்யோ! அப்புறம்?

மந்திரி: கண்ணாடியைப் பாத்து தனக்குத்தானே கை தட்டிக்குவாரா, மாட்டாரா... எனக்குத் தெரியாது. உன் நல்லதுக்குத்தான். எனக்கென்ன வந்தது?

ராணி: அப்படியே நில்லு! கையில என்ன?

மந்திரி: கையிலயா?

ராணி: மந்திரி கதை கட்டும்போதெல்லாம் பட்டனைத் திருகணும்னு டைரக்டர் சொல்லிக் குடுத்தாரு இல்ல? இப்பத்தான் தைச்சேன். பிச்சே எடுத்துட்ட!

மந்திரி: நூல்... நூல் சரியில்ல.

ராணி: நூல் நல்லாத்தான் இருக்கு. எதுக்கு செய்யறான்? சொல்லு.

மந்திரி: சிரிக்க மாட்டியே?

ராணி: சிரிப்பேன். சொல்லு.

மந்திரி: மூணு மாச ஒத்திகையில நீ கோட்டையில இருந்து விழும்போதெல்லாம்... ஓரமா நின்னு கண்ணை மூடிக்கிறேன். கீழ மெத்தை இருக்குன்னு தெரியும். இருந்தாலும் மூடிக்கிறேன். போதுமா? உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. அவருக்கு சரின்னு சொல்லிடாத...

ராணி: அதெப்படி? பாவம், சரின்னு சொல்லணுமே.

மந்திரி: சொல்லணுமா?

ராணி: கிரீடம் நழுவுது, ஒரு ஊக்கு குத்திவிடுவியான்னுதானேடா கேட்டாரு! நான் பாதியிலதான் நிறுத்தினேன், மீதியை நீயே ரொப்பிக்கிட்ட. நீயா வாயைத் திறப்பேன்னு மூணு மாசமா உன் பட்டனை நானே அறுத்து நானே தைச்சுட்டிருக்கேன்... குடு இங்க.