திட்டாத இரண்டு மாசம்

ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. "என்னை ஒரு தடவ திட்டுங்களேன்" என்று அந்த அம்மா கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சும்மா வா. உனக்கு பிரஷர் ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. உன் மூளையில இருக்குற ரத்தக்குழாய்க் கொப்புளம் வெடிச்சிட்டா என்ன பண்றது?"

"ரெண்டு மாசமா வாயத் தொறக்க மாட்டேங்குறீங்க. நேத்து கொழம்புல வேணும்னே ஒரு கை உப்பு அள்ளிப் போட்டேன். பேசாம மோர ஊத்திச் சாப்பிடுறீங்க. நான் செத்தே போயிட்ட மாதிரி இருக்கு."

அவர் மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டார்.

"அதான் சென்னைக்குப் போறோம்ல. சுருட்டுன பஞ்சு மாதிரி ஒண்ண தொடை வழியா ரத்தக்குழாய்ல ஏத்துவாங்களாம். மேல போயி, உடம்புச் சூட்டுல தானா விரிஞ்சு, கொப்புளத்த அடைச்சுக்குமாம்."

"விரியறத எதோட நிறுத்தணும்னு அதுக்குத் தெரியுமா?"

நானும் அதையேதான் நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

"அளவெடுத்துத்தான் வைப்பாங்களாம். ஆனா புதுசு. உனக்கு இஷ்டம் இல்லன்னா இப்படியே திரும்பிடலாம்."

ரயிலைப் பிடிக்க அவர்கள் இறங்கவேண்டிய ரயிலடி ஸ்டாப் வந்துவிட்டது. அந்த அம்மா எழுந்திருக்கவில்லை.

"அத வச்சுட்டா நீங்க சண்டை போடலாமா?"

"ஆறுனப்புறம் போடலாம்னாரு."

"அப்ப வச்சுக்கிறேன்."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கை கொடுத்தார். கண்டக்டர் விசிலை ஊதி, "சீக்கிரம் இறங்கும்மா" என்றார்.

"யோவ், என்னய்யா அவசரம் உனக்கு? இறங்குறாள்ல!"

பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா புருஷன் கையைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.