கெம்பம்மா ஜால்ராவை வைத்துவிட்டுப் போன இடம்

என் பெயர் முனிலட்சுமி. வயது நாற்பத்தொன்று இருக்கும். கணவர் பெயர் ராமப்பன். தர்மபுரி மாவட்டம் ஓசூரில், சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீட்டில் குடியிருந்து வருகிறேன். போல்ட் நட்டு செய்கிற கம்பெனியில் பேக்கிங் வேலை. கிருஷ்ணகிரி நல்லுசாமி என்பவர் என் மேல் கொடுத்த புகாருக்காகக் கூப்பிட்டு அனுப்பியதால், 1993-ம் வருடம் ஆடி மாதம் இன்றைய தேதியில் ஸ்டேஷனில் ஆஜரானேன். இதே ஸ்டேஷனுக்கு கெம்பம்மாவைக் காணோம் என்று நானாகப் புகார் சொல்ல வந்தபோது உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை. அதையும் எழுதச் சொன்னேன். ஏட்டையா எழுதிக்கொண்டார்.

எங்கள் லைனில் உள்ள பெருமாள் கோயிலில் சனிக்கிழமைதோறும் நாங்கள் ஒன்பது பெண்கள் பஜனை பாடி வருகிறோம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பாடுவோம். நான் ஓரடி எடுத்துக் கொடுப்பேன், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எல்லோர் கையிலும் ஜால்ரா இருக்கும். கெம்பம்மா என் வலது பக்கம் உட்கார்ந்து போடுவாள். அவள் நாட்றாம்பாளையத்துப் பெண். லாரி ஓட்டுகிற திம்மப்பனுக்கு வாக்கப்பட்டு ஓசூருக்கு வந்தவள். எங்கள் கம்பெனியில்தான் அவளுக்கும் வேலை. வீட்டில் கன்னடம், என்னிடம் பாதித் தமிழ். வாய் ஓயாது. ஜால்ரா கையில் இருந்தால் மட்டும் கம்மென்று இருப்பாள்.

எங்கள் பஜனையில் ஒரு வழக்கம் உண்டு. நடுவில் யாராவது எழுந்து போக வேண்டி வந்தால், திரும்பி வரப்போகிறவள் தன் ஜால்ராவை உட்கார்ந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவாள். அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டோம். அவள் வருகிறவரை மங்களம் பாடி முடிக்கவும் மாட்டோம். இனி வர முடியாது, போகிறேன் என்கிறவள் ஜால்ராவை என் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். ஷிப்டுக்கு ஓடுகிறவர்களும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர்களும் பாடுகிற பஜனை, அதனால் வந்த வழக்கம். இதெல்லாம் கேஸுக்கு எதற்கம்மா என்று ஏட்டையா கேட்டார். இதுதான் ஐயா கேஸ், எழுதுங்க என்றேன்.

நல்லுசாமி கிருஷ்ணகிரியில் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை எங்கள் பஜனையைக் கேட்டுவிட்டு, மலேசியாவில் தோட்டத்துக் கோயில்களில் பாட உங்களைக் கூட்டிப்போகிறேன், உங்களுக்குச் செலவில்லை என்றார். பெங்களூருக்கு மேல் போகாத எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கெம்பம்மா மட்டும், "சும்மா கூட்டிட்டுப் போறதுக்கு இவரு என்ன நம்ம மாமனா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அதன் பிறகு பாஸ்போர்ட் வந்தது. ஒன்பதையும் நல்லுசாமியே வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். எங்கள் கண்ணில் காட்டினதோடு சரி.

அதன் பிறகு மாசி மாதம் விமானம் ஏறிப் போனோம். ஈப்போ பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டதும் கெம்பம்மா சும்மா இராமல் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்த் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். மாவாட்டுவாயா, துணி துவைப்பாயா, பிள்ளைகுட்டி உண்டா என்று கேட்டார். பிள்ளை இல்லை என்று கெம்பம்மா சொன்னதும் அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரிதான் எனக்குப் பட்டது. அதன் பிறகு அவரும் நல்லுசாமியும் வாசலில் நின்று வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன்.

ஊருக்குத் திரும்புகிற நாள் காலையில் ஒரு தோட்டத்துக் கோயிலில் கடைசிப் பாட்டு. கூட்டம் நிறைய. பாதி பாடிக்கொண்டிருக்கையில் நல்லுசாமி மேடை ஓரமாக வந்து கெம்பம்மாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பாஸ்போர்ட் விஷயமாக ஒரு கையெழுத்து, ரெண்டு நிமிஷம் என்றார். அவள் ஜால்ராவைத் தன் இடத்தில் கவிழ்த்து வைத்தாள். "ஈக பந்தே அக்கா" என்று என் காதில் சொன்னாள். இதோ வந்துட்டேன் என்று அர்த்தம். எழுந்து போனாள். நான் அவளைக் கண்ணால் கண்டது அதுதான் கடைசி.

அதன் பிறகு தெரிந்த பாட்டெல்லாம் பாடித் தீர்த்தோம். அவள் வரவில்லை. பாடினதையே திருப்பிப் பாடினோம். பூசாரி கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டே இருந்தார். எங்களில் மூத்தவள் காளியம்மாளுக்குத் தொண்டை கட்டிக் குரல் வெறும் காற்றாக வந்தது. அப்போது நல்லுசாமி மேடைக்கு வந்து, "மங்களத்தப் பாடி முடிடி, பஸ் நிக்குது" என்றார். கெம்பம்மா எங்கே என்று மைக்கிலேயே கேட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள் என்றார். அப்படியானால் வந்து இங்கே உட்காரட்டும், பாடுகிறேன் என்றேன். கூட்டத்தில் சலசலப்பு வந்தது. நான் அவரை அவமானப்படுத்தினேன் என்று புகாரில் சொல்லியிருப்பது இதைத்தான். ஆமாம், கேட்டேன். இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

அதன் பிறகு அவர் மைக்செட்காரரிடம் போய் ஏதோ சொன்னார். ஒலிபெருக்கியில் யாரோ பாடின மங்களம் கேசட்டில் ஓடியது. நாங்கள் மேடையில் வாயை மூடி உட்கார்ந்திருக்க, ஜனங்கள் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கலைந்து போனார்கள். நாசமாய்ப் போகிற கேசட். அது பாடினால் பஜனை முடிந்ததாகிவிடுமா?

பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். கெம்பம்மா இல்லை. அவளுடைய துணி மூட்டை மட்டும் இருந்தது. ஓடிவிட்டாள் என்றார் நல்லுசாமி. மாற்றுப்புடவைகூட எடுக்காமல் எவள் ஓடுவாள் என்று சண்டை போட்டேன். ரோட்டில் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். "உன் பாஸ்போர்ட்டும் என் கையிலதான் இருக்கு, நீயும் இங்கயே கெட" என்றார். மற்றப் பெண்கள் என் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், வீட்டில் பிள்ளைகளை விட்டு வந்தவர்கள். விமானத்தில் என் பக்கத்து சீட்டு காலியாக வந்தது. அதில் அவளுடைய ஜால்ராவை வைத்து பெல்ட்டைப் போட்டேன்.

ஊருக்கு வந்ததும் திம்மப்பனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எனக்கு முன்னால் நல்லுசாமி போய்ப் பேசியிருந்தார். "ஓடுனவள எதுக்குத் தேடறது?" என்று திம்மப்பன் சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் படுத்து வேலையைப் பார்த்தார். இப்போது அவருக்குச் சூளகிரியில் பெண் பார்த்திருக்கிறார்கள். கெம்பம்மா தானாகத்தான் போனாள் என்று இங்கே எழுதியாகிவிட்டால் அவருக்கு நிம்மதி, நல்லுசாமிக்கு நிம்மதி, ஸ்டேஷனுக்கும் வேலை மிச்சம். அவளைத் தேடப் பிறகு உலகத்தில் ஒருத்தர்கூட இருக்க மாட்டார்கள். அதனால்தான் தொண்டை கிழியச் சொல்கிறேன்.

நான் தூண்டிவிட்டுத்தான் அவள் ஓடினாள் என்று புகாரில் சொல்லியிருப்பது பொய். அவளுக்கு அங்கே ஆண் சகவாசம் உண்டா என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். அந்த வீட்டம்மா எதற்குக் கையைத் திருப்பிப் பார்த்தார் என்று அவர் கேட்கவில்லை. அதைக் கேளுங்கள் என்று சொன்னேன். ஓடுகிறவளாக இருந்தால் ஜால்ராவை என் கையில் கொடுத்திருப்பாள். அவள் வைத்துவிட்டுத்தான் போனாள். அன்றிலிருந்து எங்கள் லைனில் பஜனை நடக்கிறது, மங்களம் பாடுவதில்லை. கோயில்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும்.

ஜால்ராவை வழக்குச் சொத்தாக ஒப்படைக்கச் சொல்லி ஏட்டையா கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவளே கையில் கொடுக்காததை எடுத்துக் கொடுக்க நான் யார்? பெஞ்சில் என் வலது பக்கம் வைத்தேன். ஏட்டையா அதைத் தள்ளிவிட்டு உட்கார வந்தார். உட்காராதீங்க ஐயா, ஆள் வருது என்றேன். அவர் நின்றுகொண்டேதான் மீதியை எழுதினார்.

எழுதினதைப் படித்துக் காட்டக் கேட்டேன். என் வாயால் சொன்னதுதான் இதில் இருக்கிறது, ஒன்றும் கூட்டவில்லை, பயந்து ஒன்றும் குறைக்கவில்லை. எனக்குத் தெலுங்கில்தான் கையெழுத்துப் போட வரும், போட்டிருக்கிறேன்.

(ஒப்பம், தெலுங்கில்) முனிலட்சுமி