அந்த மூன்று நாள் தும்மல்

— பிள்ளையாத்துக்காரா போயாச்சா? கார் திரும்பித்தா?

— திரும்பியாச்சுன்னா. இனியாவது மூக்கை விடுங்கோ! எத்தனை நேரம் பொத்திண்டு இருப்பேள்?

— ஒண்ணே ஒண்ணுகூட வரல்லை, கேட்டியா சீதா? ஒரு தும்மல் இல்லை!

— பெருமாளே! உங்க மூக்கையே பாத்துண்டுன்னா உக்காந்திருந்தேன். அவா சம்மதம்னு வாயைத் திறக்கறச்சே நீங்கோ தும்ம, அபசகுனம்னு எழுந்து போக... மூணு வரன் போச்சே இந்த மூக்காலே!

— என்னாலே பொண்ணு கல்யாணம் நின்னுடுமோன்னு நான் தவிச்ச தவிப்பு நேக்குத்தான் தெரியும். எல்லாம் ஊசியாக்கும், கேட்டியா! எந்தத் தூசி ஆகாதோ, அதையே துளித்துளியா ஏத்தி உடம்பைப் பழக்கறது. மூணு வருஷம்! வெளிநாட்டுல இப்போ ஊசிகூட வேண்டாமாம். நாக்குக்கு அடியில சொட்டு மருந்து விட்டாலே போறுமாம்.

— அப்பா, அம்மா, காப்பி.

— வாடி ராஜி! மாப்பிள்ளை மஹேஷ் ஆத்துக்காராளுக்குப் பூரண சம்மதம். தை மாசம் கல்யாணம்!

— காப்பியை வெச்சுட்டு அந்தத் தும்மல் கணக்கு டயரியை எடும்மா. இன்னிக்குத் தும்மல் பூஜ்யம்னு எழுதணும். ஊசி ஆராய்ச்சிக்கு டாக்டர் கேப்பார்.

— இதுல சிவப்பு மையாலே ஏதோ எழுதியிருக்கே அப்பா?

— அதுவா? தும்மல் குறைஞ்சுண்டே வரது, மூணு நாள் மட்டும் இருபது முப்பதுன்னு ஏறியிருக்கு. ஊசி சரியாப் பிடிக்கல்லையோன்னு டாக்டருக்குச் சந்தேகம். நிறுத்திடலாம்னு சொல்றார்.

— நிறுத்தறதாவது! கல்யாணத்துல ஹோமப்புகைக்கு நடுவுல தும்மிண்டு நிப்பேளா? எந்த மூணு நாளாம்?

— பொண்ணு பாக்க வந்த நாளாக்கும், வேறென்ன! பதட்டத்துல வந்திருக்கும்னேன். அவர் நம்பல்லை, கேட்டியா.

— அப்பா... ஊசி மேல தப்பில்லை. நிறுத்த வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்கோ.

— நோக்கு என்னடி தெரியும்?

— திட்டக்கூடாது. அந்த மூணு நாளும் பரண்லேந்து பழைய ஜமக்காளத்தை எடுத்து, உதறாம, நீங்க உக்கார்ற எடத்துல விரிச்சது நான்தான். அந்த மூணு பேரையும் எனக்குப் பிடிக்கல்லை.

— அடிப்பாவி! நான் ஏறாத கோவில் இல்லையேடி! அப்போ இன்னிக்கு?

— இன்னிக்கு அதையே ரெண்டு நாள் வெயில்ல காயப்போட்டு, நன்னா உதறிட்டுத்தான் விரிச்சேன் அம்மா.