ஜீப் டீச்சர் மன்னிக்கவில்லை

மேடையில் வீற்றிருக்கும் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, டீச்சரின் அருமை மகளே, அவரிடம் கணக்கும் படித்து, திட்டும் வாங்கி, இன்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். முதல் வரிசை ஓரத்தில் அமர்ந்திருக்கும் முன்னாள் செயற்பொறியாளர் அவர்களே! உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

நான் நீர்வளத் துறையின் வண்டிப் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவன். இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கச் சொன்னார்கள். சொல்கிறேன். ஆனால் இருப்பவரைப் பற்றியும் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

டீச்சரின் கணவர் எங்கள் துறையில் ஜீப் ஓட்டுநர். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப். நீர்த்தேக்கத்துக்குப் போகும் மலைப்பாதையில் எங்கள் துறையின் வேறெந்த வண்டியும் மழைக்காலத்தில் ஏறாது. அந்த வண்டிக்கு பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, பிரேக் சிலிண்டரை மாற்ற வேண்டும் என்று செயற்பொறியாளரிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். "அடுத்த மாசம் பார்க்கலாம்ப்பா. இப்ப வண்டி மேல போயாகணும்" என்றார். மறுபடியும் போய்ச் சொன்னேன். மறுபடியும் அடுத்த மாதம்!

ஒரு மழைநாளில் அதே ஜீப்பில் செயற்பொறியாளர் மேலே போனார். இறங்கும்போது? ஒப்பந்தக்காரரின் புது ஜீப்பில் இறங்கினார்! "வண்டியை நீ கொண்டு வந்துடு" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு இறங்கினார். வண்டி கீழே வந்தது. பாதை வழியாக வரவில்லை.

விசாரணை நடந்தது. நான் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அறிக்கையில் எழுதினார்கள்: "பிரேக் நல்ல நிலையில் இருந்தது. விபத்துக்குக் காரணம் ஓட்டுநரின் கவனக்குறைவு." கையெழுத்துப் போட்டவர் யார்? நான் சொல்ல வேண்டுமா?

டீச்சர் அழுதார். அழுது முடித்ததும் என்ன செய்தார்? கழிவு ஏலத்துக்குப் போய் அந்த ஜீப்பையே எடுத்துவந்து வீட்டு முற்றத்தில் நிறுத்தினார்! வண்டியா அது? தரைத் தகடு சல்லடை. கதவைத் தொட்டால் துரு கையோடு வரும். ஸ்டியரிங் ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது. கணவரின் அக்கா வாசலில் நின்றபடியே கேட்டார்: "தம்பியைக் கொன்ன வண்டியைக் கொண்டுவந்து வச்சிருக்கியே, உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"கொன்னது வண்டி இல்லை அண்ணி. கொன்னவரை வீட்டுல கொண்டுவந்து வைக்க முடியலை."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் இறுகிப்போன ஒரு போல்ட்டோடு என் வீட்டுக்கு வந்தார். "இது கழலவே மாட்டேங்குது அண்ணே. என்ன பண்ணலாம்?" எண்ணெயில் ஊறப்போடச் சொன்னேன். அன்றிலிருந்து விடுமுறை நாளெல்லாம் எனக்கு அந்த முற்றம்தான். அவர் வெல்டிங் கற்றார். முதலில் தகரத்தில் ஓட்டைதான் போட்டார், அதையும் சொல்ல வேண்டும்! கம்பி பிரஷ்ஷால் வண்டியின் அடிச்சட்டத்தைத் தேய்த்துத் தேய்த்து, பள்ளிக்குப் போகும்போதும் தலைமுடியில் துரு இருக்கும். பிரித்த எஞ்சின் கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. விருந்தாளிகள் கியர் பெட்டிமேல் காபி டம்ளரை வைத்தார்கள். திருத்திய விடைத்தாளில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் கிரீஸ் கைரேகை! உங்களில் எத்தனை பேர் வீட்டில் அந்தத் தாள் இருக்கிறது? அப்போது வைத்த பட்டப்பெயர்தானே ஜீப் டீச்சர்?

ஏன் இந்தப் பாடு என்று நானும் ஒருநாள் கேட்டேன். "வண்டி ஓடணும் அண்ணே. ஓடி, அவர் முன்னாடி போய் நிக்கணும்" என்றார். குரலில் கோபமே இல்லை.

ஜீப் ஓடியது. பச்சைப் பெயிண்ட் மின்ன, செயற்பொறியாளரின் பணி நிறைவு விழாவன்று அலுவலகப் படிக்கட்டுக்கு நேராக வந்து நின்றது. ஐயா கழுத்தில் மாலை. சுற்றிலும் முழு அலுவலகம். நானும் இருந்தேன்.

"சார், உங்க பழைய வண்டி. ஞாபகம் இருக்கா?"

"அடடே, புதுசு மாதிரி ஆக்கிட்டீங்களே டீச்சர்!"

"எல்லாமே புதுசு சார். பிரேக் மட்டும் பழசு. அன்னைக்கு இருந்தது அப்படியே இருக்கு. நல்லா இருக்குன்னு நீங்களே கையெழுத்துப் போட்டது, நான் எதுக்கு மாத்தணும்? ஏறுங்க. நீர்த்தேக்கம் வரைக்கும் போய் இறங்கிட்டு வரலாம்."

ஐயா ஒரு காலை எடுத்து ஜீப்பின் படியில் வைத்தார். வைத்த காலை இழுத்துக்கொண்டார். "விளையாடாதீங்கம்மா. அந்த பிரேக்கை நம்பி எவன் இறங்குவான்?"



"அவர் இறங்கினார் சார். நீங்க சொன்னதால இறங்கினார்."

வண்டியைத் திருப்பும் முன் ஒன்று சொன்னார்: "பிரேக் புதுசுதான். ஃபோர்மேன் அண்ணன்தான் மாட்டினார். பழசை மாட்டி உங்களை ஏத்த நான் என்ன, நீங்களா?"

ஐயா! அன்று நீங்கள் சொன்னதை அத்தனை பேர் கேட்டார்கள். துறை என்ன செய்தது? "உணர்ச்சிவசப்பட்ட பேச்சு, ஆதாரமாகாது" என்றது. டீச்சர் மனு மேல் மனு போட்டார். அந்த வரி இன்னும் அறிக்கையில் அப்படியே இருக்கிறது: ஓட்டுநரின் கவனக்குறைவு!

போன வாரம் மருத்துவமனையில் அவர் படுக்கை ஓரம் நின்றிருந்தேன். பார்க்க வந்த ஒருவர், "எல்லாத்தையும் மறந்து மன்னிச்சிடுங்க டீச்சர், மனசு லேசாகும்" என்றார். டீச்சர் சிரித்தார்.

"என் மனசு லேசாத்தான் இருக்கு. அவர் நல்லா இருக்கணும். நூறு வயசு இருக்கணும். எழுதின கையாலயே அந்த வரியை அடிக்கணும். அதுக்கு முன்னாடி அவருக்கு எதுவும் ஆகக் கூடாது."

மன்னிக்கவில்லை நண்பர்களே! எங்கள் ஜீப் டீச்சர் கடைசி மூச்சு வரை மன்னிக்கவில்லை. மறைந்தவரை மென்மையானவர் என்று புகழ்வது வழக்கம். நான் அந்தப் பொய்யைச் சொல்லி அவரை அவமதிக்க மாட்டேன்.

இந்தச் சபையில் உறுதி சொல்கிறோம். மனுவில் இனி மகள் கையெழுத்துப் போடுவாள். சாட்சியாக நான் நிற்பேன். அன்று படிக்கட்டில் இருந்த எங்கள் ஊழியர்கள் பலர், ஓய்வு பெற்றுவிட்டதால் பயமும் போய், சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதோ, உங்கள் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் ஐயா, திரும்பிப் பாருங்கள்.

உங்கள் உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளாவேளைக்கு மருந்து சாப்பிடுங்கள். நாங்கள் வருகிறோம்.